எந்தப் படத்துப் பாட்டு?

சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் ராக் பேண்டுக்குத் தென்காசிப் பக்கத்தில் ரசிகையாக இருப்பது முழுநேர வேலை. பாதி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும், மீதி நேரம் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அநியாயம் நடந்தது என் தோழி ஷமீமாவுக்கு. செய்தவர், குற்றாலத்தில் மைக் பிடித்த ஓர் அண்ணாச்சி. எங்கள் ‘ஈசல் கூட்டம்’ பேண்டின் ‘ஈரக்குடை’ பாட்டை, தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஷமீமா வந்ததே அந்த ஒரு பாட்டுக்காகத்தான். சார்ஜாவில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் ரபீக்குக்கு அதை வீடியோ காலில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். எங்களுக்கு அந்த பேண்டை அறிமுகப்படுத்தியதே அவர்தான். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என்னைப் போலவே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சக ரசிகர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

கருப்பு

பேண்ட் பெயரும் ஒரு பெரிய ஈசலும் போட்ட கருப்பு டீ-சர்ட்டில் நான். வழக்கமான கருப்பு புர்காவில் ஷமீமா. தென்காசியில் பஸ் ஏறிய பிறகுதான் அது கார்த்திகை மாதம் என்பதே உறைத்தது. பஸ் முழுக்கக் கருப்பு வேட்டி, துளசி மாலை, சரண கோஷம். ஒரு பெரியவர் எங்கள் உடையின் நிறத்தை மட்டும் பார்த்து “உக்காருங்க சாமி” என்று எழுந்துவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

கண்டக்டர் என்னையும் ஈசலையும் மாறி மாறிப் பார்த்தார். “நாங்க கச்சேரிக்குப் போறோம் அண்ணாச்சி. கருப்பு போட்டா மலைக்குத்தான் போகணும்னு சட்டமா?” என்று ஆரம்பித்தேன். ஷமீமா என் கையைக் கிள்ளினாள். அவர் நிதானமாக டிக்கெட்டைக் கிழித்து நீட்டியபடி சொன்னார்: “கோவப்படாதிய சாமி. விரதத்துல கோவம் ஆகாது.”

மண்டபம்

திறந்தவெளியில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி. மழை பிடித்துக்கொண்டதால், ஏற்பாடு செய்த கடைக்காரர்கள் கமிட்டி அதைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டது. முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. ராயகிரிக்காரர்களாம். அதிலிருந்த அக்கா ஒருவர் என்னிடம், “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள வீடா?” என்றார்.

ரெண்டும் இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்தினேன்? சினிமாவை நம்பாத இசை என்றால் என்ன, பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் பாடுவது ஏன் முக்கியம் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிதாம்மா. பந்தி கீழயா, மாடியிலயா?” என்றார்.

தலையாட்டம்

முதல் பாட்டு. கிட்டார் அலறியதும் நான் கிளிப்பைக் கழற்றி முடியை விரித்துவிட்டுத் தலையை ஆட்ட ஆரம்பித்தேன். ராக் கச்சேரியில் அதுதான் முறை. கண்ணைத் திறந்து பார்த்தால் என் நெற்றி நிறையத் திருநீறு. அதே ராயகிரி அக்கா, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றார். சுற்றி நாலு பேர் பயபக்தியோடு விலகி நின்றார்கள்.

“அக்கா, எனக்குச் சாமி எல்லாம் வரலை. இது ஒரு ஆட்டம்” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். என் அரியருக்கே வழி தெரியாத என் காதருகே குனிந்து அவர் கேட்டார்: “அது இருக்கட்டும் தாயே. எம்மவன் அரியர் பூராவும் எப்ப முடிப்பான்?”

சொந்தப் பாட்டு

மைக் அண்ணாச்சி கோயில் கொடை விழாக்களில் இன்னிசைக் கச்சேரி நடத்திப் பழகியவர். படத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு பாட்டை மேடையில் விடுவது அவருக்குப் பாவம். பாடகரிடம் “எந்தப் படம் தம்பி?” என்றார். “படம் இல்லண்ணே, சொந்தப் பாட்டு.” அண்ணாச்சி மைக்கைத் தூக்கினார்: “அன்பான ரசிகப் பெருமக்களே, அடுத்ததாக, ‘சொந்தப் பாட்டு’ படத்திலிருந்து!”

அடுத்த பாட்டும் அதே படம். அதற்கடுத்ததும். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஆளிடம் புலம்பினார்: “ஒரே படத்துல இம்புட்டுப் பாட்டா? கதைய எப்பம்லே சொல்லுவான்?”

ஈரக்குடை

ஊருக்குத் திரும்பியவன் நனைந்த குடையை வாசலில் விரித்து வைக்கிறான். பாட்டு முழுக்க அவ்வளவுதான். ரபீக்குக்கு இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை. சார்ஜாவில் வேலைக்கு நடுவே டீ நேரத்தில் ஒதுங்கி நின்று போனில் காத்திருந்தார். ஷமீமா போனைத் தூக்கிப் பிடித்தாள். முதல் வரி வந்தது. அப்போதுதான் அண்ணாச்சி கையைக் காட்டினார். “சனங்க சீட்டு மேல சீட்டா எழுதி அனுப்புதாக. இத நிறுத்திட்டு ஒரு படத்துப் பாட்டு எடுத்து விடுங்க தம்பி.”

போனுக்குள்ளிருந்து, “என்னட்டி, சத்தத்தைக் காணும்?” என்றார் ரபீக். ஷமீமாவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்து நான் மேடையில் இருந்தேன்.

“படம் இல்லாம பாட்டு இருக்கக் கூடாதா அண்ணாச்சி? தாலாட்டு எந்தப் படம்? ஒப்பாரி எந்தப் படம்?”

“எம்மா, ஒப்பாரி பாடச் சொல்லி யாரு சீட்டு எழுதிக் குடுப்பா?”

கூட்டம் கைதட்டியது, அவருக்கு. அதுவரை வாய் திறக்காத ஷமீமா மேடையேறி, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இவன்தான் கேட்டான் அண்ணாச்சி. சீட்டு எழுத முடியாத இடத்துல இருக்கான்.”

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எந்தூரு தம்பி?”

“அச்சன்புதூர் அண்ணாச்சி.”

“சரி, நீயாவது சொல்லு. இது எந்தப் படம்?”

ரபீக் சிரித்தார். “நான் ஊருக்கு வாற படம் அண்ணாச்சி. இன்னும் எடுக்கல.”

அண்ணாச்சி கையிலிருந்த சீட்டுகளைச் சட்டைப்பையில் திணித்தார். அவ்வளவு வாதாடிய எனக்குக் கிடைக்காத தீர்ப்பு, வாதமே செய்யாத ஓர் ஆளுக்குக் கிடைத்துவிட்டதே என்ற என் எரிச்சலோடு, அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அன்பான ரசிகப் பெருமக்களே, அடுத்ததாக, அச்சன்புதூர் ரபீக் ஊருக்கு வாற படத்திலிருந்து!”