சாப்பாட்டுக் கூடத்து ஸ்பீக்கர்கள்

கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் தாலி கட்டும்போது வாசிக்கிற மேளம் கீழே பந்தியில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று மண்டபத்துக்காரர் ஆசைப்பட்டார். சாப்பாட்டுக் கூடத்தின் சீலிங்கில் வட்ட ஸ்பீக்கர்களைப் பதித்துக் கொடுத்தேன். அதுவரை திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கரும் பாக்ஸ் ஸ்பீக்கரும் கட்டித்தான் எனக்குப் பழக்கம். சீலிங் வேலை அதுதான் முதல்.

முதல் கல்யாணம் முடிந்ததும் அவர் கூப்பிட்டார். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தவர்கள் சத்தம் தாங்காமல் இலையோடு இடம் மாறினார்களாம்.

"நடுவுல உக்காந்தவங்களுக்கு ஒண்ணுமே வெளங்கல. எல்லாத்துக்கும் ஒரே சவுண்டுதான வச்சீங்க?"

ஒரே சவுண்டுதான் வைத்திருந்தேன். ஏற்றிப் பார்த்தேன், இரைச்சல்தான் ஜாஸ்தியானது. பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மேசைகளுக்கு நடுவே நடந்தேன். ஓர் இடத்தில் பாட்டு கம்மியானது. அங்கேயே திரும்பி நின்றால் கூடியது. ஸ்பீக்கரும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

ஸ்பீக்கர் வாங்கிய கள்ளக்குறிச்சி கடைக்காரரிடம் கேட்டேன். சீலிங் தாழ்வாக இருந்தால் சத்தம் விரிவதற்குள் ஆள் தலைக்கு வந்துவிடும், நெருக்கமாகப் பதித்து ஒவ்வொன்றையும் குறைத்து வையுங்கள் என்றார். இடையிடையே இன்னும் சில பதித்தேன். பிறகு என் மனைவியை அழைத்துப்போய் ஒவ்வொரு வரிசையிலும் உட்காரச் சொன்னேன்.

"எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதாங்க கேக்குது."

எனக்கு அப்படி இல்லை. திரும்பினால் இன்னமும் மாறியது. ஒயரைக் கழற்ற மறுபடி ஏணியில் ஏறப்போனேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வூட்டுல உங்க எடது பக்கம் நின்னு கூப்ட்டா நீங்க திரும்பறதே இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஏணியை மடக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் காதைக் காட்டப் போனேன்.

இடது காது வெகுவாகக் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். திருவிழாக்களில் பாக்ஸ் பக்கத்திலேயே நின்றதாலா என்றால், இருக்கலாம் என்றார். மண்டபத்திலிருந்து அப்புறம் புகார் வரவில்லை. இப்போதும் சீலிங் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மனைவி உட்கார்ந்து பார்த்துச் சரி என்றால்தான் முடிக்கிறேன். அவள் சரி என்னும்போதும் எனக்கு ஒரு பக்கம் குறைவாகவே கேட்கிறது. அன்று நான் கேட்டதில் சீலிங்கின் கோளாறு எவ்வளவு, என் காதின் கோளாறு எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.