உஷ் அக்கா சொன்ன ‘பாக்கலாம்’

உஷ் அக்காவின் சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தையல் கம்பெனிக்குப் போகிற வழியில் நாங்கள் பிள்ளைகளை அவளிடம் கொண்டுபோய் விடும்போதே உள்ளே ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அவள் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பாள். மேனேஜரே வந்தாலும் அந்த வாசலில் அதே மரியாதைதான்.

அவளும் ஒரு காலத்தில், எங்களுக்கெல்லாம் முன்னால், அதே கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தவள். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஒரு நாள், அவன் கொதிக்கிற தண்ணீரை இழுத்து மேலே கொட்டிக்கொண்டான். பிழைத்துவிட்டான். இன்று லாரி ஓட்டுகிறான், முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே வரமாட்டான். அதோடு அவள் மிஷினைத் தொடவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தின் காலி அறையைக் கேட்டு வாங்கி, கூரையில் கொக்கி அடித்து, தொட்டில் கட்டி, எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்த அறை இல்லையென்றால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

போன வருஷம் அந்த நிறுவனத்தின் வெளிநாட்டுக்காரர்கள் ஏழைகளுக்குச் சேவை செய்கிற ஊழியப் பயணம் என்று வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல பனியன். மகளுக்குச் சளி என்று நானும் அன்று அங்கேதான் இருந்தேன். உச்சி வேளையில் நுழைந்து, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, இடுப்பில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் மகள் வீறிட்டு அழுததைக்கூட விடவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கிளம்பும்போது அவர்களுடைய தலைவர், இந்த அறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றலாமா என்று கேட்டார். மொழிபெயர்த்தவன் நிறுவனத்தின் உள்ளூர் ஆள். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டான், அதனால் அவன் பெயரே கோட்டு.

வந்தவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. "பாக்கலாம்" என்றாள்.

வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனிடம் "பாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள், அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். இதைவிடத் தெளிவாக எப்படி மாட்டேன் என்று சொல்வது? கோட்டு அவர்கள் பாஷையில் என்ன சொன்னானோ, அத்தனை நீல பனியனும் கை தட்டியது.

இந்த வருஷம் பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார்கள். கொக்கிகளைப் பிடுங்கினார்கள். ஓட்டைகளில் சிமென்ட் பூசி, ஏணியில் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பிள்ளைகள் வெளியே தகரக் கூரைக்கு அடியில் வெந்தன. என் மகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. எங்களில் இரண்டு பேர் கம்பெனிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கோட்டு வந்தான். நான் அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?"

"அக்காவைக் கேட்டுத்தான். அவங்கதான் பாக்கலாம்னாங்களே."

"பாக்கலாம்னா என்னன்னு உனக்குத் தெரியாது? உங்கம்மா உனக்கு வெளிநாட்டு பாஷையிலயா சோறு ஊட்டுனாங்க?"

"கத்தாதீங்கம்மா, கெஸ்ட்டுங்க இருக்காங்க."

திறப்பு விழாவுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் அரை நாள் லீவு போட்டுப் போனோம். வாசலில் ரிப்பன், மைக், தட்டில் கத்திரிக்கோல். தலைவர் பேச ஆரம்பிக்கும்போது அக்கா ஒரு கையில் என் மகளையும் இன்னொரு கையில் பாய்ச் சுருட்டையும் எடுத்துக்கொண்டு, குனிந்து ரிப்பனுக்கு அடியில் உள்ளே போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் பின்னாலேயே போயின. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து நீல பனியன்கள் கை தட்டின. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் மேஜைகளுக்கு நடுவே எல்லாம் தூங்கிப்போயின. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"உஷ்!" என்றாள் அக்கா.

மைக் அப்படியே நின்றது. தலைவர் கோட்டைப் பார்த்தார். கோட்டு தன் ஷூவைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் பாஷையில் எனக்குத் தெரிந்தது, தையல் சரியில்லாத துணியைத் தள்ளும்போது கம்பெனியில் தினமும் காதில் விழுகிற ஒரே வார்த்தைதான்.

"ரிஜெக்ட்! அக்கா போன வருஷம் சொன்னது ரிஜெக்ட்!" என்று கத்தினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. சிமென்ட் பூசிய கூரையையும் தூங்குகிற பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு கோட்டின் காதில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, கூட்டத்தோடு வண்டிக்குப் போனார்.

"என்ன சொல்றார்?" என்று அக்கா கேட்டாள்.

கோட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அறையைத் திருப்பித் தர்றதைப் பத்தி... பாக்கலாம்னு சொல்றார்."

இந்தத் தடவை சரியாகத்தான் மொழிபெயர்த்தான், படுபாவி.

வண்டி கிளம்பிய பிறகு கோட்டு பூட்டோடு வந்தான். அக்கா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள்.

"எழுந்திருங்கம்மா, ரூமைப் பூட்டணும்."

"உஷ்!" என்றேன் நான். "பிள்ளைங்க தூங்குது."