பெட்ரோல் வடிகட்டின தோல்

மோட்டார் கார் ஒண்ணு கிளம்பலைன்னா முதல்ல யாரையும் திட்டக் கூடாது. இது நான் எனக்கே வச்சிருந்த சட்டம். பிளக்குல நெருப்பு வருதா பாரு, பெட்ரோல் வருதா பாரு, அப்புறம் வாயைத் தொற. அன்னைக்கும் அந்தச் சட்டப்படிதான் நடந்துக்கிட்டேன். என்னைத் திட்டினவங்கதான் எதையும் பார்க்கலை. இல்ல, அப்படிச் சொல்றதும் தப்பு. எல்லாம் தெரிஞ்சேதான் திட்டினாங்க. இவ்வளவு வயசாகியும் நெனைச்சா வயிறு எரியுது.

ஆம்பூருக்கு வெளிய, பாலாத்தங்கரையை ஒட்டி இருந்த ஒரு தோல் கம்பெனி மொதலாளிகிட்ட நான் டிரைவரா இருந்தேன். ஊர்ல மோட்டார் வச்சிருந்தவங்களை அப்போ விரல் விட்டு எண்ணிடலாம். டிரைவருங்களும் அத்தனை பேர்தான். ஒரு வீட்ல வேலை போச்சுன்னா அடுத்த வீட்ல ஏன் போச்சுன்னு கேட்பாங்க. வண்டியை மரத்துல மோதினேன்னு சொன்னாக்கூட சிரிச்சிட்டு வச்சிக்குவாங்க. கை சுத்தமில்லைன்னு ஒரு பேச்சு வந்திச்சோ, அவ்வளவுதான், ஸ்டியரிங் பக்கமே சேர்க்க மாட்டாங்க. அதனால எங்க மொதலாளி வீட்டு வெத்தலைத் தட்டுல இருந்து ஒரு பாக்கைக்கூட நான் கேக்காம எடுத்தது கிடையாது.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் குடுத்தவன் அதே கம்பெனியில குழி மேஸ்திரி. தோல் ஊறப் போடுற குழிங்க எல்லாம் அவன் பொறுப்பு. ஆவாரம்பட்டைத் தண்ணியை விரலால தொட்டு நாக்குல வச்சான்னா, இன்னும் எத்தினி நாள் ஊறணும்னு சொல்லிடுவான். ரெண்டு பேரும் வாலாஜாபேட்டையில ஒரே தெருவுல பொறந்து வளர்ந்தவங்க. என்னை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, தோஸ்த்னுதான் கூப்பிடுவான். என் பொண்டாட்டி ஜுரத்துல கிடந்தப்போ ஒரு மாசம் அவன் வீட்ல இருந்துதான் எங்களுக்குக் கஞ்சி வந்திச்சு. இவனுக்கு நான் ஜாமீன்னு மொதலாளி முன்னாடி நின்னு சொன்னவன். இதையெல்லாம் நான் மறைக்க விரும்பல. மறைச்சா என் கோவம் யாருக்கும் புரியாது.

அந்தக் காலத்துல பெட்ரோல் தகர டின்ல வரும். அதுல தண்ணி இருக்கும், துரு இருக்கும். அப்படியே ஊத்தினா நடுவழியில வண்டி நின்னுடும். அதனால புனல் மேல ஒரு தோலை விரிச்சு, அதுல வடிகட்டித்தான் டாங்கியில ஊத்தணும். அந்தத் தோல் சீமையில இருந்து வரும். மஞ்சளா, துணி மாதிரி மெத்துன்னு இருக்கும். பெட்ரோலைக் கீழ விடும், தண்ணியை மேலயே நிறுத்திடும். எங்க மொதலாளி மெட்ராஸ்ல வாங்கியாந்த அந்த ஒரு தோலை நான் கண்ணு மாதிரி வச்சிருந்தேன்.

ஒரு நாள் மேஸ்திரி ஷெட்டுக்கு வந்து அந்தத் தோலைக் கையில எடுத்துக் கசக்கிப் பார்த்தான். மோந்தும் பார்த்தான்.

"மீன் எண்ணெய் போட்டிருக்கான் தோஸ்த். ஆட்டுத் தோல்தான். உலகத்துக்கே தோல் அனுப்புறோம், நம்ம வண்டிக்கு சீமையில இருந்து தோல் வருது. வெக்கமா இல்ல?"

எனக்கும் வெக்கமாத்தான் இருந்திச்சு. பத்து நாள் கழிச்சு அவனே ஒரு தோல் செஞ்சு எடுத்தாந்தான். மெல்லிசா சீவி, மீன் எண்ணெய் ஏத்தி, காயவச்சு, தேச்சுத் தேச்சு மெத்துன்னு ஆக்கியிருந்தான். பார்க்க அழகா இருந்திச்சு, பொய் சொல்லக் கூடாது. நிறம் மட்டும் கொஞ்சம் செவப்பு ஜாஸ்தி.

"இது இன்னா, செவப்பா இருக்கு?"

"எண்ணெய் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பட்டைத் தண்ணியில போட்டேன்."

"சீமைத் தோல்ல பட்டை இல்லையே?"

"ஆவாரம் ஏறாத தோலை நான் எப்படி தோல்னு வெளிய விடுறது?"

நானும் சிரிச்சேன். இந்தப் பக்கத்துல பொறந்த எவனா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான். எண்ணெய் மட்டுமே போட்டு முடிக்க வேண்டிய தோலை, கை சும்மா இருக்காம பட்டைத் தண்ணியில முக்கிட்டான். அங்கதான் கெட்டுது.

சீமைத் தோலை அவன் வாங்கிட்டுப் போய்ட்டான், இன்னும் செய்றதுக்கு மாதிரி வேணும்னு. "நீ இதுல வடிகட்டிப் பாரு. மொதலாளிக்கு இப்ப தெரிய வேணாம். நல்லா வந்தா நானே சொல்றேன்" அப்படின்னான். சரின்னேன். மூணாவது நாளே வடிகட்டின பெட்ரோல் லேசா டீத்தண்ணி நிறத்துல இருந்திச்சு. கிளாஸ்ல பிடிச்சுக் கொண்டுபோய் அவன்கிட்ட காட்டினேன்.

"புதுசுல அப்படித்தான் விடும். ரெண்டு கழுவு கழுவினா சரியாப் போய்டும்."

தோலைப் பத்தி அவன் சொன்னா நான் எதிர்த்துப் பேச என்ன இருக்கு? நம்பினேன். என் தப்புன்னு இந்தக் கதையில ஒண்ணு இருக்குன்னா அது இதுதான்.

அந்த வாரக் கடைசியில மெட்ராஸ்ல இருந்து ஒரு துரை வந்து மொதலாளி பங்களாவுல தங்கினார். தோல் வாங்கி சீமைக்கு ஏத்துற கம்பெனிக்காரர். மறுநாள் காலைல அவரைக் காட்பாடிக்குக் கொண்டுபோய் ரயில் ஏத்தணும். விடிஞ்சதும் வண்டியைத் தொடைச்சு, ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தி, தயாரா நின்னேன். துரை வந்தார், பின்னாலயே மொதலாளி வந்தார். மேஸ்திரி ஒரு கட்டுத் தோலைத் தூக்கிட்டு வந்து பின் சீட்டுல வச்சான். மேல சுத்தின காகிதம் ஒரு ஓரத்துல கிழிஞ்சிருந்திச்சு. உள்ள அதே செவப்புத் தோல், ரெண்டு டஜன் இருக்கும். ஒரு வாரம் முன்னாடி மொதலாளிக்குத் தெரிய வேணாம்னு சொன்னவன், இன்னைக்கு அவர் முன்னாடியே கட்டு கட்டி எடுத்தாந்திருக்கான். பரவாயில்லையே, சொல்லிட்டான் போலன்னு எனக்கு சந்தோஷமாக்கூட இருந்திச்சு.

வண்டி மூக்குல ஹேண்டிலைச் சொருகி சுத்தினேன். ஒண்ணும் இல்ல. மறுபடி சுத்தினேன். ஒரு இருமல்கூட இல்ல.

சுவிட்சைப் பார்த்தேன், போட்டுதான் இருந்திச்சு. பெட்ரோல் குழாயைப் பார்த்தேன், தொறந்துதான் இருந்திச்சு. கியர் நடுவுலதான் நின்னுது. பிளக்கைக் கழட்டி இஞ்சின் மேலயே படுக்க வச்சு, மேஸ்திரியை ஹேண்டில் சுத்தச் சொன்னேன். பளிச்சுன்னு நீலமா நெருப்பு வந்திச்சு. அப்ப நெருப்பு குடுக்கிற மேக்னெட்டோ மேல குத்தமில்ல. மிச்சம் இருந்தது பெட்ரோல். கார்புரேட்டர் மேல இருக்கிற ஊசியை அழுத்தினா பக்கத்துல பெட்ரோல் கசியணும். அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல.

கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினேன். அடியில பழுப்பா, கொழகொழன்னு, விரல் கனத்துக்குப் படிஞ்சிருந்திச்சு. இஞ்சினுக்குப் பெட்ரோல் பீச்சுற ஜெட்டோட ஓட்டை முழுசா மூடிக் கிடந்திச்சு. மோந்து பார்த்தேன். மீன் எண்ணெயும் ஆவாரமும். எனக்குப் புரிஞ்சு போச்சு. தலையைத் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தேன். அவனுக்கும் புரிஞ்சு போச்சு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

சரி, ரயிலைப் பிடிக்கணும், முதல்ல அதைப் பார்ப்போம்னு வேலையைப் பார்த்தேன். ஜெட்டை கம்பியால குத்தக் கூடாது, ஓட்டை பெருசாகிடும். வாசல்ல நின்ன ஜட்கா குதிரை வால்ல ரெண்டு முடி பிடுங்கி, அதை விட்டு எடுத்தேன். வாய் வச்சு ஊதினேன். மாட்டி சுத்தினதும் வண்டி கிளம்பிச்சு. துரை ஏறி உக்காந்தார். நாலு மூச்சு விட்டுட்டு மறுபடி நின்னு போச்சு. டாங்கியில இருந்தே அந்தச் சகதிதான் இறங்கி வருது, நான் எத்தினி தடவை ஊத முடியும்?

கம்பெனி ஆளுங்க பத்து பேரைக் கூப்பிட்டு தள்ளச் சொன்னேன். கிளட்சை மிதிச்சு ரெண்டாவது கியர் போட்டு, நல்லா ஓட விட்டு, கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கிச்சு, ரெண்டு தடவை வெடிச்சிச்சு, அடங்கிடுச்சு. கேட்டு வரைக்கும் தள்ளி, திருப்பி, மறுபடி தள்ளினோம். தள்ளினவங்க வேர்வையில நனைஞ்சு போய்ட்டாங்க. துரை கடிகாரத்தைப் பார்த்தார். மொதலாளி பக்கத்து கம்பெனியோட வண்டிக்கு ஆள் அனுப்பிட்டு என்கிட்ட வந்தார்.

"இன்னாய்யா ஆச்சு?"

கிண்ணத்தை அப்படியே நீட்டினேன். "மேஸ்திரி செஞ்ச தோல்ல வடிகட்டினதுங்க. பட்டையும் எண்ணெயும் இறங்கி ஜெட்டை அடைச்சிடுச்சுங்க."

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். விரலால தொட்டுப் பார்த்தார். இது என்னன்னு மொதலாளிகிட்ட இங்கிலீஷ்ல கேட்டார். மொதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"நீ குடுத்தியா இவனுக்குத் தோல்?"

மேஸ்திரி என்னைப் பார்க்கலை. கீழ பார்த்துக்கிட்டே சொன்னான். "நான் எதுக்குங்க குடுக்கப் போறேன். கழிவுத் தோல் குவியல்ல இருந்து இவனே ஏதோ எடுத்துட்டுப் போயிருப்பான். சீமைத் தோலு எங்கன்னு கேளுங்க."

சீமைத் தோலு எங்கன்னு கேளுங்கன்னு சொன்னான். அவன் வீட்ல இருக்கிற தோலை.

நாலு வருஷம் வெள்ளைக்காரங்களை ஏத்தி இறக்கினதுல எனக்கு இங்கிலீஷ் பேச வராட்டியும் கேட்டா புரியும். மொதலாளி துரைகிட்ட சொன்னது முழுசா காதுல விழுந்திச்சு. என் டிரைவர் திருடன், நல்ல தோலை வித்துட்டு ஏதோ குப்பையை வச்சிருக்கான் அப்படின்னார். அந்த ரெண்டு டஜன் தோல் பின் சீட்டுல, துரை கைக்கு எட்டுற தூரத்துல இருந்திச்சு. கிழிஞ்ச காகிதத்தை நான் ஒரு இழு இழுத்திருந்தா போதும். இழுக்கலை. பயம் இல்ல அது. ஜாமீன் நின்னவனே இப்படிச் சொன்னப்புறம் யார்கிட்ட எதை நிரூபிக்கிறது?

பக்கத்து கம்பெனி வண்டி வந்திச்சு. மேஸ்திரியே அந்தத் தோல் கட்டைத் தூக்கி அதுல வச்சான். அவங்க போனப்புறம், தள்ளின பத்து பேரும் என்னைச் சுத்தி நின்னாங்க. நான் கார்புரேட்டரை மறுபடி மாட்டி, கையைத் தொடைச்சு, சாவியைக் கணக்குப்பிள்ளைகிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு நடந்தேன். பொண்டாட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டா. வண்டி கிளம்பலைன்னேன்.

ஆம்பூர்ல எனக்கு அப்புறம் வேலை கிடைக்கலை. பேரணாம்பட்டுல கேட்டேன், வாணியம்பாடியில கேட்டேன். எனக்கு முன்னாடி என் பேர் போய்ச் சேர்ந்திருந்திச்சு. ஒரு வீட்ல வாசல்லயே நிக்க வச்சு, தோல் வித்தவன்தானேன்னு கேட்டாங்க. கடைசியில திருப்பத்தூர் போற பஸ்ஸுல கிளீனரா ஏறினேன். டிரைவரா இருந்தவன், இன்னொருத்தன் ஓட்டுற வண்டிக்கு ஹேண்டில் சுத்திக்கிட்டு நின்னேன்.

மேஸ்திரியை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஆலங்காயத்துல பட்டை ஏலம் எடுக்க வந்தவன் எங்க பஸ்ஸுலயே ஏறினான். என்னைப் பார்த்ததும் இறங்கப் போனான். நான் விடலை. பஸ் கிளம்ப நேரம் இருந்திச்சு, புளியமரத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போய், அடிக்கத்தான் நெனைச்சேன், ஆனா கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"மொதலாளிக்கு முதல் நாள்லயே தெரியும் தோஸ்த். நம்ம வண்டியில போட்டுப் பாருன்னு சொன்னதே அவருதான். காட்பாடி போய் இறங்கினதும், நீங்க இவ்வளவு தூரம் வந்தது எங்க தோல்ல வடிகட்டின பெட்ரோல்லதான்னு துரைகிட்ட சொல்லணும்னு இருந்தாரு. அதுவரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. வண்டி நின்னதும் நாங்க இன்னா பண்றது? தோல் மேல பழி வந்தா கம்பெனியே போச்சு."

"நான் கிளாஸ்ல பிடிச்சு வந்து காட்டினேனே?"

"அதையும் அவர்கிட்ட சொன்னேன். போகட்டும், இன்னும் நாலு நாள்தானேன்னாரு."

எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் என் வண்டியில, என் கையாலயே, என் பேரைப் பணயம் வச்சிருக்காங்க. நெருப்பு வருதா, பெட்ரோல் வருதான்னு நான் முட்டி போட்டுத் தேடினப்போ, ரெண்டு பேரும் தோல் சங்கதி தெரிஞ்சே பக்கத்துல நின்னிருக்காங்க. மேஸ்திரி ஹேண்டில்கூட சுத்திக் குடுத்தான்.

அவன் கண்ணுல தண்ணி. மன்னிச்சிடுன்னான். நான் போய் பஸ்ஸுக்கு ஹேண்டில் சுத்தினேன். அவன் ஏறலை.

அவனுக்குச் சொல்லாததை இங்க சொல்லிடறேன். அன்னைக்கு காலைல அவன் என் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா போதும். தோஸ்த், துரை முன்னாடி தோல் பேச்சை எடுக்காத, வண்டிக் கோளாறுன்னு உன் மேலயே போட்டுக்கோன்னு. போட்டுக்கிட்டிருப்பேன். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு துரைகிட்ட நானே சொல்லியிருப்பேன். சிரிச்சிட்டு மறந்திருப்பாங்க. திருடன்னு சொல்லத் தேவையே இருந்திருக்காது. என்னைக் கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு அவனுக்கு எப்படித் தோணிச்சு?