பைன் மரத்தடி அறுகம்புல்

வெயிலில் சூடேறிய பைன் ஊசிகளின் மணம்... மண்டியிட்டால் முழங்காலில் குத்தும் அந்தக் காய்ந்த தரை. நான் வந்து சேர்ந்த குளிர்நாட்டில், இல்-பிசார் என்ற தீவில் புல்வெட்டும் வேலைக்குப் போன முதல் கோடை.

மனைவி வாசுகி அப்போது யாழ்ப்பாணத்தில். அவளை இங்கே அழைக்க நான் கொடுத்த ஸ்பொன்சர் ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறதோ! எனக்கு இருப்புக் கொள்ளாது. மற்றவர்கள் உட்கார்ந்து மதியம் சாப்பிட, நான் தபால் பெட்டியை நினைத்தபடி நடந்துகொண்டே இருப்பேன்.

விசா வரும்வரை வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு இருபத்தொரு அறுகு வைப்பதாக நேர்ந்திருந்தேன். இங்குள்ள கடைகளில் அந்த நாட்களில் அறுகு இல்லை. ஆனால் பைன் மரங்களுக்குக் கீழே, வேறெதுவும் முளைக்காத வறண்ட மணலில் ஒரு மெல்லிய புல்... அடியிலைகள் மட்டும் தச்சன் சீவிய மரச்சுருள் போல. கண்டதும் அறுகுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் அவசரம் தெரியும்தானே!

பத்து வெள்ளி போனது. என்னோடு அறையில் இருந்த குணம் அண்ணை ஒருநாள் சாமிப்படத்தடியில் குனிந்து, வேரோடு கிடந்த கொத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடாப்பா இது? அறுகு கணுக்கணுவா நிலத்தில ஓடுமெல்லே? இது குடுமி மாதிரி நிக்குது!"

மறுநாள் முதலாளி மிஷேலிடம் காட்டினேன். அதன் பெயர் டான்தோனி, இந்த மண்ணின் புல், பைன் காட்டில் தானாக வளர்வது, வேரோடு பிடுங்காதே என்றார்.

பத்து வெள்ளியும் வீணா? பிள்ளையார் கோபித்துத்தான் ஃபைலைக் கிடப்பில் போட்டாரா? அன்று சோறே இறங்கவில்லை. வேறு வழியில்லை... மன்னிப்புக் கேட்டு, கத்தரித்து, அதையே வைத்தேன்.

பனி விழுமுன் விசா வந்தது.

வந்திறங்கிய வாசுகியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லகாலம், நான் அங்கை அசல் அறுகு வைச்சனான். இல்லாட்டி நீங்கள் இண்டைக்கும் தனியத்தான்!"

இப்போது தமிழ்க் கடையில் அறுகு பாக்கெட்டில் கிடைக்கிறது. வாசுகிதான் இல்லை. சுகமில்லாத தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போனவள் திரும்பும் டிக்கெட்டை இரண்டு தரம் தள்ளிப் போட்டுவிட்டாள். அன்று தபால் பெட்டி, இன்று ஃபோன். நடை மட்டும் அதே நடை.

நேற்று வெள்ளி. ஃபோனில் கேட்டாள்: "பிள்ளையாருக்கு அறுகு வாங்கினனீங்களோ?"

"இல்லை... இல்-பிசாருக்குப் போயிட்டு வந்தனான், அந்தப் பைன் மரத்தடிப் புல்லுக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப நானும் இஞ்சை திரும்பவும் அசல் அறுகு வைக்கத் தொடங்கிறன்," என்றாள்.