மூன்றாம் ஓலை

எங்கள் கடற்கரையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் மைக்கில் சொல்வார். யாரும் எதையும் தெரிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரிவிக்க வேண்டியதையெல்லாம் மீன் சந்தையிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, ஓலை வாசித்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா குவைத்தில் இருந்ததால் நானும் அம்மாவும் மாமா வீட்டில்தான் இருந்தோம். சித்தியின் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடைதான் இருந்தது. அவளுக்குத் திடீர் திடீரென்று வீங்கும். காலையில் நன்றாக இருப்பாள், மத்தியானம் ஒரு கண் மூடிப்போகும். இல்லையென்றால் உதடு தடித்துத் தொங்கும். ஆஸ்பத்திரியில் அலர்ஜி என்று ஊசி போடுவார்கள். ஊசிக்கு அது மசியாது, இரண்டு மூன்று நாளில் தானாகவே வடியும்.

அலர்ஜி என்றதும் மாமா அவள் தட்டில் கைவைத்தார். முதலில் இறால் போயிற்று. அடுத்த வீக்கத்துக்கு நண்டு, அதற்கடுத்து சாளை மீன். சொந்தமாக வள்ளம் இருந்த வீட்டில் சித்தி மட்டும் கஞ்சியும் பயறும் தின்றாள். வீக்கம் குறையவில்லை. அம்மாவுக்கும் அடிக்கடி வயிறு பிசைந்து வாந்தி வரும். பெண்களுக்கு வயிறு வலிப்பதெல்லாம் மாமாவின் கணக்கில் சேராது.

மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊர். வீக்கத்தைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை.

"தாலி கெட்டுகது வரைக்கும் வெளிய எறங்கப்பிடாது," என்றார் மாமா. "அவிய அறிஞ்சா ஓலைய நிறுத்திருவாவ."

முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே சித்தியின் முகம் வீங்கியது. இரண்டாம் ஓலைக்குக் கை. மாமா யோசித்துப் பயறையும் நிறுத்தினார். சித்தி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டை அழுத்திப் பார்ப்பாள். "வீங்கியிருக்கா மக்கா?" என்று என்னிடம் கேட்பாள். இல்லை என்றாலும் திரும்பக் கேட்பாள். ராத்திரி படுக்காமல் சுவரில் சாய்ந்து, தொண்டையைத் தடவித் தடவி எச்சில் விழுங்குவாள். அவளுடைய அப்பா, என் தாத்தா, தொண்டை அடைத்துச் செத்தவர். மீன் முள் சிக்கியது என்று ஊரில் சொன்னார்கள். நான் இதையெல்லாம் கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு சித்தியை வீட்டில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தாள், மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. சாமியார் ஓலையை வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்தில் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து முன்னே போனாள். முக்காட்டை எடுத்த பிறகுதான் அது சித்தி என்று தெரிந்தது. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது.

"சாமி, தடை உண்டு," என்றாள். "பொண்ணுக்கு வீங்குக தீனம் உண்டு. அத மறச்சு கெட்டிக்குடுக்காவ. பொண்ணு நான்தான்."

"பெறவு பேசுவோம் மக்ளே," என்றார் சாமியார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வெளியே போனாள். பிறகு பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"ஏட்டி, குடும்பத்த தெருவுல நிறுத்திட்டியே," என்று மாமா வீட்டில் கத்தினார். சித்தி நேராக அடுக்களைக்குப் போய், விருந்துக்கு வைத்திருந்த மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றாள். பாயை விரித்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். கல்யாணம் நின்ற அன்று இப்படித் தூங்குகிறாளே, வெட்கமே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. ஊரும் அதையேதான் சொன்னது, இன்னும் சொல்கிறது. மாமா சாகும்வரை அவளோடு பேசவில்லை.

அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பதினேழு வயதில், என் உதடு வீங்கியபோதுதான் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் சொன்னார்: பரம்பரையாக வருவது, மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனம் பதறினாலே வீங்கலாம், சிலருக்கு வயிற்றுக்குள் வரும், தொண்டையில் வந்தால் உயிருக்கு ஆபத்து. எனக்கு மாமாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயமுறுத்தி வீங்க வைத்ததும் அவர்தான், வீங்கியதற்காகத் தட்டைப் பிடுங்கியதும் அவர்தான். இப்போது நானும் தொண்டையைத் தடவிப் பார்க்காமல் படுப்பதில்லை. எச்சில் இறங்கினால் ஒரு நிம்மதி, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம். சித்தி அன்றைக்கு எத்தனை நாள் தூக்கத்தைத் தூங்கித் தீர்த்தாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அன்று அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து அழுதாள். தங்கையை அவள் பார்க்கவே இல்லை. என்னை இழுத்து மடியில் வைத்து, என் உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சித்தியின் கல்யாணம் நின்றதற்கு என் உதட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கூச்சமாக இருந்தது, சிரித்தேன்.