ஒயின்ஷாப்பில் கிடைக்காத ஒயின்

பங்குனி மாதம், சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் ராமநாதபுரம் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரர் கருப்பையாவும். தேவிபட்டினம் வழியாகப் போனால் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அறுப்பு முடிந்த வயல்களில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரோட்டோரக் களங்களில் குண்டு மிளகாயைக் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். பஸ் முழுக்கத் தும்மல்.

ஊரில் சொல்லிவிட்டு வந்த காரணம், பாம்பனுக்கு வரும் சம்பந்தியம்மாளை வரவேற்கப் போகிறோம் என்பது. சம்பந்தியம்மாள் என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம், இன்னும் பேச்சு முடியவில்லை. என் மகள் மகேசு பிரான்சில் துலூஸ் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கே லூயி என்றொரு பையன். அவனுடைய அம்மா மர்த்தீன் எங்களையும் பார்த்து, கடலையும் பார்க்க வருகிறாள். அதற்காகப் பாம்பனில் மூன்று நாளைக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். 

இன்னொரு காரணமும் இருந்தது. அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. வழியில் எப்படியாவது ஒரு பாட்டில் பிரெஞ்சு ஒயின் வாங்கிவிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். மகேசு அங்கே காய்ச்சலில் படுத்திருந்தபோது இந்த மர்த்தீன் கறிவேப்பிலை தேடி இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். அவள் வீட்டில் தினமும் மதியச் சாப்பாட்டோடு கொஞ்சம் சிவப்பு ஒயின் உண்டு. அதிலும் குளிர் விட்டு வெயில் தலைகாட்டும் இந்த மாதத்தில் வாசலில் மேசை போட்டு, உறவுக்காரர்களைக் கூப்பிட்டு, அதை ஊற்றித்தான் சாப்பிடுவார்களாம். விலை கூடியதெல்லாம் இல்லையம்மா, சாதாரணமானதுதான் என்று மகேசு ஒருநாள் போனில் சொல்லியிருந்தாள். என் மகளுக்காக அவள் அலைந்தாள். அவளுக்காக நான் அலையக் கூடாதா?

என் வீட்டுக்காரரை அனுப்பி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. இருபது வருஷம் குடித்த மனுஷன் அவர். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, விட்டு நாலு வருஷம் ஆகிறது. அவர் இருக்கும் இடத்தில் அந்த வாடையே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிறகு எந்தத் தைரியத்தில் வாங்கக் கிளம்பினாய் என்றால், நான் போட்ட கணக்கு இது: ஒரு பாட்டில், ஒரு வேளை. திறந்தால் தீர்ந்துவிடும், காலி பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது கதை. திறந்த பாட்டிலை மிச்சம் வைத்த ஆம்பளையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

ராமநாதபுரத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். ஒயின்ஷாப் திறப்பது பன்னிரண்டு மணிக்கு. அதுவரை மர்த்தீனுக்குப் பரமக்குடிக் கைத்தறிச் சேலை ஒன்று எடுத்தேன். பிறகு அவரைப் பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார வைத்தேன்.

"ஜாக்கெட் துணி பாக்கணும், பொம்பளைக கூட்டமா இருக்கும். நீங்க இங்கனயே இருங்க, வந்துர்றேன்."

"வெயிலா இருக்கு, சுருக்க வா" என்றார் பாவம்.

ஆட்டோக்காரரிடம் ஒயின்ஷாப் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்காரரக் கூப்புடப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த வேலைக்காக எங்கள் ஊர்க் கடை வாசலில் நான் நின்ற நாட்கள் உண்டு. "இல்லப்பா, வாங்கப் போறேன்" என்றேன். 

வரிசையில் நின்ற ஆண்கள் என்னைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "முன்னால போங்கக்கா" என்று ஒருவர் வழிவிட்டார். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவரிடம், "ஒயின் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"என்னம்மா?"

"ஒயின். செவப்பு. பிரான்சுல செஞ்சது."

 வரிசை மொத்தமும் சிரித்தது. "ஒயின்ஷாப்ல வந்து ஒயின் கேக்குறீகளேம்மா!" என்று கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "இங்கன பிராந்தி இருக்கு, ரம் இருக்கு, பீர் இருக்கு. ஒயின் மட்டும் இல்ல."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எதுக்குய்யா ஊரு பூராவும் ஒயின்ஷாப், ஒயின்ஷாப்னு சொல்லித் தொலைக்கிறீக?" என்று கத்தினேன்.  இருபது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. வழிவிட்டவர்தான், சீமைச் சரக்கு விற்கிற ஏ.சி. கடை ஒன்று இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று ஆட்டோக்காரருக்கு வழி சொன்னார்.

அந்தக் கடையில் குளிர் ஆளைத் தூக்கியது. கண்ணாடி அலமாரியில் இருந்ததில் முக்கால்வாசி விஸ்கி. கடைசித் தட்டில் ஏழெட்டு ஒயின் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. நம் நாட்டு நாசிக் ஒயின் தொள்ளாயிரத்துச் சொச்சம். பிரான்சு ஒயின் இரண்டு வகை, ஒன்று நாலாயிரத்து இருநூறு, இன்னொன்று ஆயிரத்து எழுநூறு.

"இது ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"ரெண்டும் செவப்பா இருக்கும், துவர்க்கும். குடிச்சுப் பாத்ததில்லம்மா. கேக்கவும் ஆளு இல்ல" என்றார் விற்பனையாளர். உண்மையைச் சொல்லும் கடைக்காரரை அன்றைக்குத்தான் கண்டேன். நாலாயிரத்துப் பாட்டிலில் தக்கை மூடி. ஆயிரத்து எழுநூறு பாட்டிலில் திருகு மூடி. தக்கையைப் பிடுங்குகிற கருவிக்கு நான் எங்கே போவேன்? விலை குறைந்ததையே வாங்கினேன். அடியில் பிரான்ஸ் என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டு, பாட்டிலைச் சேலைக்குள் சுற்றிப் பைக்குள் இறக்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார். "பையக் குடு, நான் தூக்கிட்டு வாரேன்."

"வேணாம், லேசாத்தான் இருக்கு."

"லேசா இருந்தா ஏன் தோளு இறங்குது? குடு பாண்டி." என் பேரைச் சொல்லிக் கேட்டு, பிடுங்காத குறையாகப் பையை வாங்கிக்கொண்டார். 

ராமேசுவரம் பஸ்ஸில் பை அவர் மடியில். உச்சிப்புளியில் ஏறிய மீன்கார அம்மா ஒருத்தி எங்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வேகத்தடையில் பஸ் குதித்தபோது அவள் கூடை பையில் இடித்து 'டங்' என்றது.

"எக்கா, என்னமோ உடையப் போகுது, பாத்து!" என்றாள்.

"ஊறுகா பாட்டிலு" என்றேன்.

 என் வீட்டுக்காரர் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியது. பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரிக் காற்று. இடது பக்கம் புது ரயில் பாலம், கீழே பச்சையும் நீலமுமாகக் கடல், பொம்மை மாதிரி வள்ளங்கள். முதல் தடவை வருகிறவர்கள் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். எனக்குக் கடலா தெரிந்தது? பாலம் முடியும்வரை அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மதுரையிலிருந்து காரில் மகேசும் மர்த்தீனும் வந்து இறங்கினார்கள். ஒல்லியான பெண், அறுபது வயதிருக்கும், நரைத்த தலையைக் கிராப்பாக வெட்டியிருந்தாள். கும்பிடத் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவளுக்கு எங்கள் பேச்சு தெரியாது, எங்களுக்கு அவள் பேச்சு தெரியாது, நடுவில் மகேசு.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர், மகேசு, மர்த்தீன் மூவரும் தனுஷ்கோடி பார்க்கப் போனார்கள். நான் பாம்பன் ரோட்டோரச் சந்தையில் சீலா மீன் வாங்கினேன், கிலோ எழுநூறு. நண்டு கிலோ நானூற்று ஐம்பது. மீன் குழம்பு, நண்டு வறுவல், முருங்கைக்காய்க் கூட்டு, மாங்காய்ப் பச்சடி. பாட்டிலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக் குளிர வைத்தேன்.

இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டிலைக் கொண்டுவந்து மர்த்தீனின் இலைப் பக்கத்தில் வைத்தேன். மகேசுக்கு முகம் வெளிறிவிட்டது. "அம்மா! என்னம்மா வேல பாத்துருக்க?" மர்த்தீன் லேபிளைப் படித்தாள். அவள் ஊர்ப் பக்கத்துச் சாதாரண ஒயின்தானாம். இந்தக் கடலோரத்தில் இதை எங்கே பிடித்தீர்கள் என்று எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். ஐயோ, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டம்ளரில் கால்வாசி ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின். கண்ணில் தண்ணீர் வழிய வழிய நண்டைக் கடித்தாள். ஊற்றியது முடிந்ததும் மூடியை எடுத்து, பாட்டிலைத் திருகி மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

"என்ன, பிடிக்கலையாமா?"

"ரொம்பப் பிடிச்சுருக்காம்மா. மிச்சத்த நாளைக்குக் குடிப்பாங்களாம்."

நாளைக்கா? என் கணக்கு அங்கே குப்புற விழுந்தது. முக்கால் பாட்டிலுக்கு மேல் மிச்சம். இரண்டு அறை உள்ள வீடு. இன்னும் இரண்டு ராத்திரி தங்க வேண்டும்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிறச் சொல்லுடி" என்றேன். மர்த்தீன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். "நண்டுக்கு நல்லாருக்கும், இன்னும் அரை டம்ளரு." வேண்டாமாம். நானே மூடியைத் திறந்து டம்ளரை நோக்கிச் சாய்த்தேன். அவள் கையால் டம்ளரை மூடிக்கொண்டாள். போதும், போதும் என்று இருபது வருஷம் கத்திய வாய் இது. அன்றைக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியது. கர்மம்!

"விடு பாண்டி" என்றார் என் வீட்டுக்காரர். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றிருந்தது. "நீ பையக் குடுத்தப்பவே தெரியும். எந்தத் துணியில சுத்துனாலும் பாட்டிலு என் கைக்குத் தெரியாதா?"

சாய்த்த பாட்டிலை நிமிர்த்திக் கீழே வைத்தேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "தாயி, நான் சொல்றத அவுககிட்ட அப்படியே சொல்லு. நான் பெரிய குடிகாரன். நாலு வருசமாக் குடிக்கிறதில்ல. மிச்சம் இந்த வீட்டுக்குள்ள இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"அய்யா, அவங்ககிட்டப் போயி இத எப்படிய்யா..."

"சொல்லு. சம்பந்தம் வேணாம்னா இப்பயே போகட்டும். பொய் சொல்லிப் பொண்ணு குடுக்க வேணாம்."

குடித்த காலத்திலும் சரி, ரத்த வாந்தி எடுத்துக் கிடந்தபோதும் சரி, பயமாக இருக்கிறது என்று அந்த மனுஷன் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பந்தம் போனாலும் பரவாயில்லை, இவர் இதைச் சொன்னாரே, இது போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாததுதான், ஆனாலும் நினைத்தேன்.

மகேசு அழுதுகொண்டே சொன்னாள். மர்த்தீன் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு குழம்புக் கையோடு எழுந்து, இடது கையால் பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சொட்டு மிச்சமில்லாமல் மணலில் கவிழ்த்தாள். திரும்பி வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

மகேசு வாயைத் திறந்தாள், மூடினாள்.

"என்னடி சொல்றாக? சொல்லித் தொலை!" என்றேன்.

"கல்யாணத்துல அவங்கதான் அய்யா பக்கத்துல உக்காருவாங்களாம். அவங்க ஊர்ப் பந்தில எல்லாரும் ஒயின் குடிப்பாங்களாம். ஆனா அய்யாவுக்கும் அவங்களுக்கும் தண்ணிதானாம்."

என் வீட்டுக்காரர் அவளையே பார்த்தார். "எந்தத் தண்ணி தாயி?"

"பச்சத் தண்ணிய்யா!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மகேசு, பிறகு நான். எதற்கென்று தெரியாமலேயே மர்த்தீனும் சிரித்தாள். தண்ணி என்ற சொல்லைக் கேட்டு எங்கள் வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை.