அம்மாவின் இடது கன்னம்

போன கார்த்திகையில் நடந்தது இது. கொடைக்கானலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்காக வெளிநாடு கிளம்பும் ஒரு பெண் ஒருநாள் கடைக்கு வந்தாள். "எங்கம்மாவ ஒரே ஒரு போட்டோ எடுத்துத் தரணும்ண்ணே. கையில கொண்டுபோக ஒண்ணுகூட இல்ல. நாளைக்கு வெள்ளனே கெளம்பணும்" என்றாள். உடனே கேமராவையும் ஃப்ளாஷையும் எடுத்துக்கொண்டு, மேல்மலையில் இருக்கும் அவள் ஊருக்குப் போனேன்.

அம்மா முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பூண்டு வயலில் காட்டுமாடு முட்டிக் கன்னம் கிழிந்துவிட்டதாம். கண்ணோரத்திலிருந்து தாடை வரைக்கும் தையல் தழும்பு. அதன்பிறகு அவர் எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டியதே இல்லை.

மகள் கெஞ்சியதால் முந்தானையை விலக்கினார். ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். பளீரென்று அடித்த வெளிச்சத்தில் தழும்புதான் மினுமினுத்தது. திரையில் அதைப் பார்த்தவர், "போதும் சாமி. தோட்டத்துல சோலி கெடக்கு" என்று எழுந்துவிட்டார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை, உக்காருங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு ஃப்ளாஷைப் பைக்குள் போட்டேன். கதவைத் திறந்தால் வெளியே ஒரே பனிமூட்டம். வெயில் அந்தப் பனிக்குள் கரைந்து, கண் கூசாத வெள்ளை வெளிச்சமாக வீட்டுக்குள் வந்தது. வாசலை ஒட்டி நாற்காலி போட்டேன். வெளிச்சம் திரும்பி முகத்தில் விழட்டும் என்று எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். தழும்பு நிழலுக்குப் போகும்படி அவரைத் திருப்பி உட்காரவைத்து எடுத்தேன். படம் அழகாக வந்திருந்தது.

வாசலில் நின்றிருந்த மகளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா அந்தப் பக்கத்தையும் எடுங்க. சின்னதுல இருந்து நான் அம்மாவோட அந்தப் பக்கந்தான் படுப்பேன். தூங்குறப்பவும் முழிக்கிறப்பவும் நான் பாத்த மொகம் அதுதாண்ணே."

மகளையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, யாரும் சொல்லாமலே முகத்தை அவள் பக்கம் முழுசாகத் திருப்பினார். வாசல் வெளிச்சம் தழும்பின் மேல் மெத்தென்று படிந்தது. எத்தனையோ முகங்களை எடுத்திருக்கிறேன், ஒரு முகம் இப்படித் தானாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. கேமரா பொத்தானை அழுத்த வேண்டும் என்ற நினைப்பே கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

அந்தப் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டு நாளும் இதையா மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்?" என்றார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று சாயங்காலமே பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யாரையாவது உட்காரவைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது, எதை மறைக்கலாம் என்று நான் தேடுவதில்லை. அந்த முகத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர் அதை எப்படிப் பார்ப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.